ரொக்க உதவியால் பசி குறைந்ததா? 240 குடும்பங்களை வைத்து எப்படி அளப்பது?

புதுக்கணக்கு:

வணக்கம். சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடு என்று வரும் குடும்பங்களுக்கு உணவுப் பொட்டலம் தராமல் நேரடியாகப் பணமே கொடுக்கும் சிறிய உள்ளூர்த் திட்டம் ஒன்றை மதிப்பீடு செய்ய வேண்டும். 8 மாதத்தில் சுமார் 240 குடும்பங்கள் வரலாம். தொகை, ஒரு குடும்பத்தின் இரண்டு வார உணவுச் செலவுக்கு ஈடானது. ஒரு தவணைதான், மறுபடி விண்ணப்பித்தால் இரண்டாவது தவணை கிடைக்கும். பெரும்பாலும் வங்கிக் கணக்குக்குப் போகும், கணக்கு இல்லாதவர்களுக்குக் கடைக் கூப்பன். கணக்கெடுக்க வாரத்தில் இரண்டு நாள் ஒருவர் கிடைப்பார்.

நிதி கொடுப்பவர் கேட்பது ஒன்றுதான்: "உணவுப் பாதுகாப்பின்மை குறைந்ததா?" இப்போதைய படிவத்தில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. பணம் உதவியாக இருந்ததா? எதற்குச் செலவழித்தீர்கள்? எவ்வளவு உணவு வாங்கினீர்கள்? இது போதாது என்று தெரிகிறது. எந்த அளவுகோலை எடுப்பது, எப்போது கேட்பது, யாரோடு ஒப்பிடுவது?

தராசுமுள்:

முதல் கேள்வியைத் தூக்கிவிடுங்கள். காசு கொடுத்தவரே வந்து "உதவியாக இருந்ததா" என்று கேட்டால் இல்லை என்று யார் சொல்வார்?

அளவுகோலுக்கு வருவோம். புதிதாக எதையும் உருவாக்க வேண்டாம், சோதித்துப் பார்த்தவை இருக்கின்றன. ஐ.நா. உணவு வேளாண் நிறுவனத்தின் எஃப்.ஐ.இ.எஸ். (உணவுப் பாதுகாப்பின்மை அனுபவ அளவுகோல்) என்பதில் 8 கேள்விகள், எல்லாம் ஆம்/இல்லை. சாப்பாடு போதாமல் போகுமோ என்ற கவலையில் தொடங்கி, சத்தான உணவு இல்லாமை, ஒருசில வகைகளை மட்டுமே சாப்பிடுவது, ஒரு வேளையை விடுவது, குறைத்துச் சாப்பிடுவது, வீட்டில் உணவு தீர்ந்துபோவது, பசித்தும் சாப்பிடாமல் இருப்பது என்று ஏறி, ஒரு நாள் முழுக்கப் பட்டினியில் முடியும். வழக்கமான படிவம் கடந்த 12 மாதத்தைக் கேட்கும். உங்களுக்கு அது உதவாது; 30 நாள் வடிவத்தை எடுங்கள்.

மொழிபெயர்க்கும்போது அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று: ஒவ்வொரு கேள்வியிலும் வரும் "பணமோ வேறு வசதியோ இல்லாததால்" என்ற பகுதியை, நீளமாக இருக்கிறதென்று வெட்டிவிடுவது. வெட்டினால் விரதம், மருத்துவர் சொன்ன பத்தியம், சாப்பிட நேரமில்லாமை எல்லாம் "ஆம்" கணக்கில் சேர்ந்துவிடும். ஒரு நாள் முழுக்கப் பட்டினி என்பதற்கு "ஆம்", கவலைக்கு "இல்லை" என்று பல வீடுகளில் வந்தால் மொழிபெயர்ப்பில் ஓட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதோடு சேர்க்க வேண்டியது சுருக்கப்பட்ட சமாளிப்பு உத்திக் குறியீடு. 5 கேள்விகள், கடந்த 7 நாளில் எத்தனை நாள் என்று மட்டும் கேட்கும். பிடிக்காத அல்லது மலிவான உணவை நாடியது (எடை 1), கடன் வாங்கியோ அடுத்தவர் உதவியிலோ சாப்பிட்டது (2), அளவைக் குறைத்தது (1), குழந்தைகளுக்காகப் பெரியவர்கள் குறைத்துக்கொண்டது (3), வேளைகளைக் குறைத்தது (1). நாள் எண்ணிக்கையை எடையால் பெருக்கிக் கூட்டுங்கள். ஒரு வீட்டில் முறையே 5, 2, 3, 1, 2 நாள் என்றால் 5+4+3+3+2 = 17. அதிகபட்சம் 56.

இரண்டும் ஏன் வேண்டும்? எஃப்.ஐ.இ.எஸ். 30 நாளில் ஒரு தடவை நடந்திருந்தாலும் "ஆம்" என்று பதிவு செய்யும். உங்கள் பணம் இரண்டு வாரத்துக்குத்தான். மூன்றாவது வாரம் ஒரு நாள் அடுப்பு எரியாவிட்டால் பதில் மறுபடி "ஆம்". பணம் பத்து நல்ல நாளைக் கொடுத்தது அதில் தெரியவே தெரியாது. நாள் கணக்குக் கேட்கும் குறியீட்டில் தெரியும். ஒற்றைத் தவணைத் திட்டங்கள் "பலன் இல்லை" என்று அறிக்கை எழுதுவதற்குப் பாதிக் காரணம் இந்தப் பொருத்தமின்மைதான் என்பது என் கணிப்பு.

உலக உணவுத் திட்டத்தின் உணவு நுகர்வு மதிப்பெண்ணையும் சிலர் சொல்வார்கள். 7 நாளில் எந்த உணவு வகை எத்தனை நாள் என்று கேட்டு, தானியத்துக்கு 2, பருப்புக்கு 3, காய்க்கும் பழத்துக்கும் 1, இறைச்சி மீனுக்கும் பாலுக்கும் 4, எண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் 0.5 என்று எடை போடுவது. நல்ல கருவிதான். ஆனால் அடிப்படை உணவு எப்படியோ கிடைத்துவிடும் இடங்களில் எல்லா வீடும் மேல் வரம்பில் குவிந்து, மாற்றம் தெரியாமல் போகும். அது கேட்கிற நேரத்தில் வேறு கேட்கலாம்.

இனி நாள். பணம் கைக்கு வந்த முதல் சில நாளில் சாப்பாடு நன்றாக இருக்கும், பிறகு தேயும். ஒருவரை 4-ஆம் நாளிலும் இன்னொருவரை 25-ஆம் நாளிலும் கேட்டுச் சராசரி எடுத்தால் கிடைப்பது உங்கள் ஊழியரின் பயணத் திட்டம், பயனாளியின் நிலை அல்ல. எல்லாரிடமும் ஒரே நாள் இடைவெளியில் கேளுங்கள். "கணக்கில் பணம் வந்த தேதியிலிருந்து எத்தனையாவது நாள்" என்பதற்குப் படிவத்தில் தனிக் கட்டம் கட்டாயம் வேண்டும்.

கணக்குப்பிள்ளை:

யாரோடு ஒப்பிடுவது என்ற கேள்விக்கு மட்டும் பதில்.

உதவிக்கு விண்ணப்பிப்பவர் தன் நிலை அடிமட்டத்தில் இருக்கும் வாரத்தில்தான் வருவார். வேலை போன வாரம், வாடகையும் பள்ளிக் கட்டணமும் ஒன்றாக வந்து விழுந்த வாரம். ஒரு மாதம் கழித்துக் கேட்டால், நீங்கள் ஒன்றுமே கொடுக்காவிட்டாலும் பலருக்கு நிலை கொஞ்சம் தேறியிருக்கும். அதனால் "முன்பு 24, பின்பு 15, ஆகவே திட்டத்தால் 9 குறைந்தது" என்று எழுதாதீர்கள். அந்த 9-ல் எவ்வளவு உங்களுடையது, எவ்வளவு காலத்துடையது என்று முன்-பின் ஒப்பீடு மட்டும் சொல்லாது.

பணம் எல்லாருக்கும் போதாது, எப்படியும் சிலர் காத்திருக்கத்தான் வேண்டும் என்றால் யார் முதலில் என்பதைக் குலுக்கலில் தீர்மானிக்கலாம். காத்திருப்பவர்களே ஒப்பீட்டுக் குழு. பணம் இருக்கும்போது ஒப்பீட்டுக்காகவே ஒருவரைக் காக்கவைப்பது தவறு.

எண்ணிக்கை: உணவு நெருக்கடியில் இருப்போர் 60 சதவீதத்திலிருந்து 45 ஆகக் குறைந்ததை நம்பிக்கையோடு சொல்ல (இல்லாத மாற்றத்தை இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு 5%, இருக்கும் மாற்றத்தைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு 80%), பக்கத்துக்கு (உதவி பெற்றவர்கள் ஒரு பக்கம், ஒப்பீட்டுக் குழு மறுபக்கம்) 170 குடும்பங்கள் கடைசிவரை பதில் சொல்லியிருக்க வேண்டும். நான்கில் ஒருவர் இடையில் தொலைந்துபோவார் என்று வைத்தால் தொடக்கத்தில் பக்கத்துக்கு 227. உங்களிடம் மொத்தமே 240. பக்கத்துக்கு 120, கடைசியில் 90. அதை வைத்து 20 சதவீதப் புள்ளி அளவுக்குப் பெரிய வித்தியாசத்தைத்தான் பிடிக்க முடியும். இதை நிதி கொடுப்பவரிடம் இப்போதே எழுத்தில் சொல்லுங்கள். முடிவு வந்தபிறகு சொன்னால் சாக்குப்போக்காகத் தெரியும்.

ஆம்/இல்லை விகிதத்தை விட்டு மதிப்பெண்ணையே முதன்மை அளவாக வைத்து, தொடக்க மதிப்பெண்ணையும் பகுப்பாய்வில் சேர்த்தால் கொஞ்சம் லாபம். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் தொடர்புக் கெழு (இரண்டும் சேர்ந்து மாறும் அளவு) 0.5 இருந்தால் சிதறலில் கால் பங்கு குறையும். மாறாக, குடும்பம் குடும்பமாகக் குலுக்காமல் பகுதி பகுதியாகக் குலுக்கினால் நஷ்டம். பகுதிக்கு 20 வீடு, உள்ளொற்றுமைக் கெழு (ஒரே பகுதி வீடுகள் ஒன்றுபோல் இருக்கும் அளவு) 0.05 என்றால்கூட 1 + 19×0.05 = 1.95. மாதிரி ஏறக்குறைய இரண்டு மடங்கு தேவைப்படும்.

புதுக்கணக்கு:

இருவருக்கும் நன்றி. இரண்டு சிக்கல். தகுதி உள்ள எல்லாருக்கும் 3 நாளில் பணம் போய்விட வேண்டும் என்பது எங்கள் நிர்வாகக் குழுவின் விதி, அதனால் காத்திருப்புப் பட்டியல் கிடையாது. இன்னொன்று, செலவுக்கு ரசீது வாங்கச் சொல்கிறார்கள். கண்டபடி செலவழித்துவிடுவார்கள் என்று ஒரு உறுப்பினருக்குப் பயம். கூப்பன் வாங்கியவர்களையும் வங்கிக் கணக்குக்குப் பெற்றவர்களையும் ஒப்பிட்டால் ஒப்பீட்டுக் குழு கிடைத்துவிடாதா?

களவிவரம்:

கிடைக்காது. கணக்கு இல்லாததால்தான் அவர்களுக்குக் கூப்பன். வங்கிக் கணக்கே இல்லாத குடும்பமும் இருக்கிற குடும்பமும் வேறு பத்து விஷயத்திலும் வேறுபடும். "பணம் தாமதமாக வந்தவர்கள், சீக்கிரம் வந்தவர்கள்" என்று பிரித்துப் பார்க்கலாமே என்று அடுத்து தோன்றும், அதுவும் ஆகாது. தாமதம் வருவது பெயர் பொருந்தாதவர்களுக்கும் ஆவணம் இல்லாதவர்களுக்கும்தான்.

ரசீதைப் பற்றி. பணத்துக்கு முத்திரை கிடையாது. உங்கள் தொகையில் உணவு வாங்கி ரசீது கொடுப்பவர், உணவுக்கென்று வைத்திருந்த தன் பணத்தை மின்கட்டணத்துக்குத் திருப்பியிருப்பார். இன்னொருவர் உங்கள் பணத்தில் கடை பாக்கியை அடைத்திருப்பார், அதனால் கடைக்காரர் மறுபடி கடன் கொடுத்து வீட்டுக்கு உணவு வந்திருக்கும். முதலாமவர் நல்லவர், இரண்டாமவர் மோசம் என்று ரசீது சொல்லும். நடந்தது இரண்டும் ஒன்றேதான். "இந்தப் பணத்தை எதற்குச் செலவழித்தீர்கள்" என்ற கேள்விக்கும் அதே நோய். அதற்குப் பதில் "கடந்த 7 நாளில் வீட்டுச் சாப்பாட்டுக்கு மொத்தம் எவ்வளவு ஆனது", "வாடகை, மின்சாரம், கடன் பாக்கி இப்போது எவ்வளவு நிற்கிறது" என்று இரண்டு தடவையும் கேளுங்கள். பாக்கி குறைந்து உணவு மதிப்பெண் அசையாமல் இருந்தால் அது தோல்வி அல்ல. பணம் எங்கே போனது என்பதற்கு விடை அதுதான்.

கண்டபடி செலவழிப்பார்கள் என்ற பயத்துக்கு: உலக வங்கி 2014-ல் வெளியிட்ட தொகுப்பாய்வு ஒன்று பல நாடுகளின் 19 ஆய்வுகளை அலசியது. ரொக்க உதவியால் மது, புகையிலைச் செலவு குறிப்பிடும்படி கூடியதாகப் பொதுவாகத் தெரியவில்லை. குறைந்ததாகக்கூடச் சில ஆய்வுகள் காட்டின. அந்த உறுப்பினரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். ரசீது கேட்டால் வரவேண்டியவர்களில் சிலர் வரமாட்டார்கள் என்பதையும் சேர்த்து.

யார் கேட்கிறார் என்பதும் முக்கியம். விண்ணப்பத்தைத் தீர்மானிக்கும் ஊழியரே கணக்கெடுத்தால் பதில் இரண்டு பக்கமும் கோணும். அடுத்த தவணை வேண்டுபவர் நிலைமையை மோசமாகச் சொல்வார், நன்றிக்கடன் பட்டவர் நன்றாகச் சொல்வார். வேறொருவர் தொலைபேசியில் கேட்கட்டும். "இந்தப் பதில் உங்கள் அடுத்த உதவியைப் பாதிக்காது" என்று வாயால் சொன்னால் போதாது. பதில் கோப்பில் பெயருக்குப் பதில் எண் இருக்க வேண்டும், எண்ணையும் பெயரையும் இணைக்கும் பட்டியல் வழங்கல் பிரிவின் கைக்குப் போகக் கூடாது.

ஒப்பீட்டைவிடச் சுலபமாகக் கிடைப்பது, எல்லாரும் கோட்டைவிடுவது, வழங்கல் பதிவேடு. விண்ணப்பித்த தேதி, ஒப்புதல் தேதி, அனுப்பிய தேதி, கையில் கிடைத்த தேதி, நான்கையும் குறியுங்கள். "சராசரி 3 நாள்" என்று எழுதாமல் நடுமதிப்பையும் (பாதிப் பேருக்கு எத்தனை நாளுக்குள்) 90-ஆவது சதமானத்தையும் (பத்தில் ஒன்பது பேருக்கு எத்தனை நாளுக்குள்) எழுதுங்கள். பெரும்பாலோருக்கு 2 நாளிலும் பத்தில் ஒருவருக்கு 12 நாளுக்கு மேலும் என்றால், பசியோடு இருந்தவர் அந்தப் பத்தில் ஒருவர்தான். அனுப்பியதும் கிடைத்ததும் ஒன்றல்ல: கணக்கு முடக்கம், பெயர் பொருத்தமின்மை, எல்லாவற்றுக்கும் மேலாகத் தானியங்கிப் பிடித்தம். கணக்கில் விழுந்த நொடியே கடன் தவணையும் குறைந்த இருப்புக் கட்டணமும் அதை விழுங்கிவிடும். "பணம் வந்ததும் வேறு எதற்காவது தானாகப் பிடித்தார்களா" என்று ஒரு வரி சேருங்கள். கூப்பனுக்கு இதற்கு இணையான கேள்வி, காலாவதி ஆவதற்குள் முழுவதும் பயன்படுத்த முடிந்ததா, மீதி எவ்வளவு என்பது.

மறுக்கப்பட்டவர்களையும் காரணத்தோடு பதியுங்கள். தகுதி வரம்பைக் கொஞ்சம் தாண்டியதால் திரும்பிப் போனவர்கள் 15 பேரா 150 பேரா என்பது திட்டத்தைப் பற்றி நிறையச் சொல்லும்.

அளவுநாழி:

ஒரு சின்னத் திருத்தம். வீட்டுத் தலைவரிடம் மட்டும் கேட்காதீர்கள். சமைத்துப் பரிமாறுபவரிடம் கேளுங்கள். யார் கடைசியில் சாப்பிட்டார், யார் சாப்பிட்டதாகப் பொய் சொன்னார் என்பது அவருக்குத்தான் தெரியும். முதல் தடவை பதில் சொன்னவரே இரண்டாவது தடவையும் சொல்ல வேண்டும். ஆள் மாறினால் மதிப்பெண் மாறும்.

செலவுக் கணக்கையும் விட்டுவிட்டோம். மொத்தச் செலவு ÷ பயனாளிக்குப் போய்ச் சேர்ந்த தொகை. 100 கொடுக்க 28 நிர்வாகச் செலவு என்றால் 1.28. தன்னார்வலர் நேரம், பரிந்துரைத்து அனுப்பும் அமைப்புகளின் நேரம் எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும். பெரிய மாதாந்திரத் திட்டங்களோடு இந்த எண்ணை ஒப்பிடாதீர்கள். விண்ணப்பத்தைச் சரிபார்க்கும் செலவு ஆளுக்கு ஒருமுறை வருவது. தொகை சிறிதாக இருந்தால் விகிதம் மோசமாகத்தான் வரும். உணவுப் பொட்டலத்தோடு ஒப்பிடுவதுதான் நியாயம். 2011-ல் எக்குவடாரில் உலக உணவுத் திட்டம் ரொக்கம், கூப்பன், உணவு மூன்றையும் குலுக்கல் முறையில் ஒப்பிட்டபோது மூன்றுமே பலன் தந்தன. கொண்டுசேர்க்கும் செலவு உணவுக்குத்தான் மிக அதிகம். ஆனால் அங்கேயும் கலோரி அளவில் உணவும், உணவு வகைகளின் பன்மையில் கூப்பனும் முந்தின. ஆகவே "ரொக்கம்தான் எல்லாவற்றிலும் மேல்" என்று முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டாம்.

கணக்குப்பிள்ளை:

காத்திருப்புப் பட்டியல் இல்லையென்றால் நிர்வாகக் குழுவுக்கே விடை தெரியாத இடத்தில் குலுக்குங்கள். உங்களிடம் அது இருக்கிறது: இரண்டாவது தவணை. எல்லாருக்கும் முதல் தவணை 3 நாளில் போகட்டும். பாதிப் பேருக்கு 21-ஆம் நாள் இரண்டாவது தவணை கேட்காமலே போகட்டும், மீதிப் பேர் இப்போதைய விதிப்படி விண்ணப்பித்துப் பெறட்டும். யாருக்கும் எதுவும் குறையவில்லை. அதற்கான பணம் வரவுசெலவில் இருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள்.

குலுக்கலைப் பதிவுப் பணியாளர் செய்யக் கூடாது. பதிவில் சம்பந்தப்படாத ஒருவர் 4 பேர், 6 பேர் கட்டுகளாக (ஒவ்வொரு கட்டிலும் பாதிப் பேர் ஒரு குழு, பாதிப் பேர் மற்றது) வரிசையைத் தயாரித்து உறையில் ஒட்டி வைக்கட்டும். பதிவாளருக்கு அடுத்த உறையில் என்ன என்று தெரிந்தால், பாவப்பட்ட குடும்பத்துக்கு நல்ல உறை வரும்வரை காத்திருப்பார். மனிதாபிமானம்தான், ஆனால் ஒப்பீடு போய்விடும்.

இதில் அளப்பது தானாகப் போகும் இரண்டாவது தவணையின் பலனை மட்டும். முதல் தவணையைப் பற்றி முன்-பின் எண்களை எச்சரிக்கையோடு விவரிக்கலாம், காரணம் கற்பிக்க முடியாது.

புதுக்கணக்கு:

குழுவிடம் பேசினேன், பணம் ஒதுக்கலாம் என்கிறார்கள். ரசீதையும் கைவிட்டார்கள். இப்போது யோசித்திருப்பது: விண்ணப்பிக்கும்போது இரண்டு அளவுகோல்களும் பாக்கிக் கணக்கும். முதல் தவணையிலிருந்து 28-ஆம் நாள் தொலைபேசியில் மறுபடி எல்லாம். 60-ஆம் நாள் கடைசித் தடவை. பதில் சொல்லாதவர்களுக்குப் பதிலாகப் பட்டியலில் அடுத்தவரைச் சேர்த்து 240-ஐ நிரப்பிக்கொள்ளலாம். மறுபடி விண்ணப்பிக்காத வீடுகளை ஒரு குழுவாகவும், இரண்டாவது தவணை பெற்ற எல்லாரையும் இன்னொரு குழுவாகவும் ஒப்பிடுவோம். சரிதானா?

தராசுமுள்:

நாள் கொஞ்சம் மாற வேண்டும். 28-ஆம் நாள் எஃப்.ஐ.இ.எஸ். கேட்டால் அதன் 30 நாள் நினைவு, முதல் தவணைக்கு முந்தைய நாட்களையும் இழுத்துக்கொள்ளும். அன்று 7 நாள் குறியீடும் பாக்கியும் மட்டும் கேளுங்கள், ஏழெட்டு நிமிடம் போதும். 21-லிருந்து 28 வரை சரியாக இரண்டாவது தவணைக்குப் பிந்தைய வாரம் அதில் விழும். எஃப்.ஐ.இ.எஸ்.-ஐ 60-க்குப் பதில் 51-ஆம் நாள் வையுங்கள். 51-லிருந்து 30 கழித்தால் 21, இரண்டாவது தவணை போன நாள். இரண்டு நாள் முன்பின் ஆகலாம், அதற்கு மேல் வேண்டாம். ஒப்பீட்டுக் குழுவிலும் அதே நாள் எண்ணிக்கைதான், அவர்களுக்குப் பணம் போயிருந்தாலும் இல்லாவிட்டாலும்.

தொடங்குவதற்கு முன் 10 வீட்டில் முழுப் படிவத்தையும் ஓட்டிப் பாருங்கள். 15 நிமிடத்தைத் தாண்டினால் வெட்டுங்கள். வெட்ட வேண்டியது உங்கள் சொந்தக் கேள்விகளை. அளவுகோலில் கை வைக்காதீர்கள்.

கணக்குப்பிள்ளை:

புதுக்கணக்கு, உங்கள் திட்டத்தின் கடைசி இரண்டு வரியும் தப்பு. குழுவைப் பிரிப்பது உறையில் வந்த சீட்டு. விண்ணப்பித்துப் பெற வேண்டிய குழுவில் 40 பேர் கேட்டு வாங்கியிருந்தாலும் அவர்கள் அந்தக் குழுவிலேயே இருக்கட்டும். வாங்கியவர், வாங்காதவர் என்று மாற்றிப் பிரித்தால், மறுபடி கேட்கும் அளவுக்குக் கஷ்டத்தில் இருந்தவர்கள் எல்லாம் ஒரு பக்கம் சேர்ந்து, பணம் வாங்கியதால் பசி கூடியது போலத் தெரியும்.

பதில் சொல்லாதவருக்குப் பதில் ஆள் சேர்க்கவே கூடாது. புதிதாக வருபவரிடம் 28-ஆம் நாள் பதிலே இருக்காது; தொலைந்தவர் யார் என்பதும் மறைந்துபோகும். பெரும்பாலும் தொலைவது தொலைபேசி துண்டிக்கப்பட்டவரும் வீடு மாறியவரும்தான், அதாவது மிக நெருக்கடியில் இருந்தவர்கள். மூன்று வெவ்வேறு நேரங்களில் அழையுங்கள், விண்ணப்பத்திலேயே இன்னொருவரின் எண்ணைச் சம்மதத்தோடு வாங்கிவையுங்கள். அப்படியும் கிடைக்காவிட்டால் அந்த வரியை வெறுமையாக விட்டு, இரண்டு குழுவிலும் எத்தனை வெறுமை, அவர்களுடைய தொடக்க மதிப்பெண் என்ன என்று அட்டவணையின் முதல் வரியிலேயே காட்டுங்கள்.